அரையிறுதி விருந்து

"கஞ்சத்தனம் பண்ணாதீங்க பாய். சோறு முழுகணும். குழம்பு பாஞ்சிரா ஊத்துங்க."

சிவநேசன் சொன்னதைக் கேட்டு ஷேக் அலாவுதீன் கரண்டியை நிறுத்தினார். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவருக்குப் 'பாஞ்சிர்' என்று குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வது புதிதில்லை. யாருக்கு என்பதுதான் இடித்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல செமி ஃபைனல் ஆடப் போற பசங்களுக்கா அண்ணே? வயிறு தாங்குமா?"

"விருந்தாளிங்க லா. நம்ம ஊரு சாப்பாட்ட நாக்குல வைக்காம அனுப்புனா நமக்குத்தான் அவமானம்."

அலாவுதீன் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆட்டுக்கறி, பொரித்த கோழி, மீன் முட்டை என்று அள்ளி வைத்துக் கட்டினார். ஒவ்வொரு பொட்டலமும் கைக்குழந்தை கனம் கனத்தது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எழுவர் ரக்பிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பல நாட்டு அணிகள் வந்திருந்தன. ஒவ்வொரு அணிக்கும் பஸ், ஐஸ், சாப்பாடு எல்லாம் கவனிக்க உள்ளூர்க்காரர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். இலங்கை அணிக்குச் சிவநேசன். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதால் பேச்சு ஒட்டும். ஒரு காலத்தில் ரக்பி ஆடியவர் என்பதால் ஆட்டமும் தெரியும்.

ஒட்டாதது ஒன்றுதான். அரையிறுதியில் இலங்கை மோதப்போவது மலேசியாவோடு. மலேசிய அணியில் அவர் மகன் தனேஷ் இருந்தான். இத்தனை நாள் பெஞ்சைத் தேய்த்தவன், இன்றைக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே களமிறங்குகிறான். இதில் சோபித்தால் அடுத்த வெளிநாட்டுப் பயணத்தில் இடம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கோச் கறாராகச் சொல்லிவிட்டார்.

எழுவர் ரக்பி லேசுப்பட்ட ஆட்டமில்லை. அத்தனை பெரிய மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழே பேர் ஓடவேண்டும். வயிற்றில் ஒரு கவளம் கூடினாலும் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. தனேஷ் சின்ன வயதிலிருந்து காது புளிக்கக் கேட்ட பாடம் அது. ஆட்டத்தன்று அவன் கையிலிருந்த வடையை அப்பா பிடுங்கி எறிந்த கதை இன்னும் வீட்டில் ஓடுகிறது.

அப்பேர்ப்பட்ட அப்பாதான் இப்போது குழம்பில் வெள்ளம் கேட்டு நின்றார். விஷமா வைக்கிறோம், விருந்துதானே வைக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பிள்ளை விஷயமென்றால் மனசாட்சியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது.

பொட்டலங்களைப் பார்த்த இலங்கைக் கேப்டன் ஸ்ரீகரன் அசந்து போனான்.

"இவ்வளவும் எங்களுக்கோ அண்ணை?"

"சாப்பிடுங்க தம்பி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது."

ஏற்பாட்டுக் குழுவில் இருந்த காமாரியா அதைப் படம் பிடித்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். எதிரணிக்கும் இப்படி வாரி வழங்கும் மனசு யாருக்கு வரும் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. இலங்கைப் பையன்கள் இப்போது தளர்வார்கள், அப்போது தளர்வார்கள் என்று சிவநேசன் காத்திருந்தார். அவர்களோ காலில் சக்கரம் கட்டியதுபோல ஓடினார்கள். இடுப்பில் கை வைத்து நின்றதெல்லாம் மலேசியப் பையன்கள்.

பந்து தனேஷிடம் வந்தது. முன்னால் மறிக்க ஆளே இல்லை. கூட்டம் எழுந்து நின்றது. பாதி தூரத்திலேயே அவன் ஓட்டம் நடையாகி, பின்னாலிருந்து வந்தவன் சுலபமாகச் சாய்த்தான். இடைவேளைக்குப் பிறகு கோச் அவனை இறக்கவேயில்லை. மலேசியா தோற்றது.

அவ்வளவு சோறும் எங்கேதான் போனது என்று சிவநேசனுக்கு விளங்கவில்லை. ஸ்ரீகரனே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. மட்ச் நாளிலை நாங்கள் அவிச்ச முட்டையும் வாழைப்பழமும்தான். உங்கட அன்பை எறியவும் மனம் வரேல்லை. உங்கட மகன் மற்ற டீமிலை எண்டு கேள்விப்பட்டு, அவையின்ரை அறையிலை குடுத்திட்டம். தனேஷின்ரை அப்பா எங்களுக்கு வாங்கித் தந்தது, மட்ச் முடிய நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு சொல்லித்தான் குடுத்தனாங்கள்."

சிவநேசன் கையை உருவிக்கொண்டார். மகனைத் தேடிப் போனார்.

தனேஷ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு வேறு பையனைப் பார்த்துக்கொள்வதாகக் கோச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் உட்காரச் சிவநேசனுக்குக் கூசியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேட்ச் முடிஞ்சு சாப்பிடுங்கன்னுதானடா அவங்க சொன்னாங்க. உனக்கு எங்க போச்சு புத்தி?"

தனேஷ் துண்டை விலக்கி அவரைப் பார்த்தான்.

"கோச் அங்க இல்லப்பா. மத்தவனுங்க வேணாம்னுதான் சொன்னானுங்க. நான்தான் பொட்டலத்தப் பிரிச்சேன். எங்கப்பா மேட்சுக்கு முன்னாடி ஒரு வடைகூட தின்ன விடமாட்டாரு. அவரே வாங்கிக் குடுத்திருக்காருன்னா அது நல்லதாத்தான் இருக்கும், பயப்படாம சாப்பிடுங்கன்னு சொன்னேன்."