தெப்பம் நனையக் கூடாது

புத்த பிக்கு ஒருவர் மூங்கில் தெப்பம் கட்டி, ஒரு கழுதையையும் ஆட்டையும் அக்கரை சேர்த்தார். "கரை ஏறியாச்சு. இனி இதை விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் வழியே போனார்.

எப்பேர்ப்பட்ட வாக்கு! ஆடு அதைக் கொம்பால் தெப்பத்தின் மேலேயே பொறித்தது. கழுதை தெப்பத்தை முதுகில் ஏற்றிக்கொண்டது.

குளிர் நாட்டில் தெப்பத்துக்குக் கம்பளி போர்த்தினார்கள். அடுத்த நாட்டில் தங்கத் தகடு ஒட்டினார்கள். அதற்கும் அடுத்த நாட்டில் வெண்குடை பிடித்தார்கள். போன இடமெல்லாம் "விட்டுவிட்டுப் போங்கள்" என்று ஊரே கூடிப் பாடியது. கழுதைக்கு முதுகு வளைந்தது.

ஒருநாள் இன்னொரு ஆறு குறுக்கிட்டது. வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பாடா! என்னைத் தண்ணியில போட்டு ஏறுங்கடா" என்றது தெப்பம்.

"ஐயோ சாமி, உங்க மேல குளம்பு படலாமா?" என்றது கழுதை.

"தங்கம் நனைஞ்சிடுமே!" என்றது ஆடு.

"நான் தெப்பம்டா!"

"சாமிக்கு எவ்வளவு தன்னடக்கம்!" என்று ஆடு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வயிறளவு தண்ணீரில் கழுதை தெப்பத்தைச் சுமந்தபடி நிற்க, ஆடு மூங்கிலை முறித்துப் புதுத் தெப்பம் கட்டியது. பழைய தெப்பத்தைப் பூப்போல அதில் ஏற்றி, ஆடும் கழுதையும் அக்கரை சேர்ந்தன.

இறங்கியதும் ஆடு புதுத் தெப்பத்தை மூன்று முறை வலம் வந்து கும்பிட்டது.

கழுதை குனிந்து அதற்கும் முதுகைக் கொடுத்தது.