ஷூவில் வந்த மணல்

சர்க்கரை ஏறியதிலிருந்து கிளாரா தினமும் விடிந்ததும் வல்லம் வடகால் கம்பெனிச் சுவரைச் சுற்றி ஓடிவிட்டு வருவாள். வந்து ஷூவைத் தட்டினால் ஈரமான கடல் மணல் கொட்டும். இங்கிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவள் புருஷன் லாசர் யாரையும் லேசில் நம்பாத கிழவர்.

"எவன்கூட பீச்சாண்ட போயிட்டு வர?"

"சந்தேகமா கீதுன்னா நீயும் கூட ஓடி வாய்யா."

மறுநாள் லுங்கியோடு பக்கத்திலேயே ஓடினார். சுவர், ஷிப்ட் பஸ்கள், டீக்கடை, மறுபடி சுவர். அவள் வேறெங்கும் போகவில்லை. நிம்மதியாக வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் குனிந்து பார்த்தார். லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது. மடிப்பில் ஒரு கிளிஞ்சல் ஒட்டியிருந்தது.

கிளாரா அதை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

"நாளைக்கு மடிச்சுக் கட்டிக்கினு வா."

லாசர் தலையாட்டினார்.