அத்தை சொன்ன ‘வேண்டாம்’

“வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு ஊசியா? வேண்டவே வேண்டாம்!”

மாதாந்திரப் பரிசோதனைக்குக் கூட வந்த மாமியார், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். காத்திருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மாமியாரா!” யாரோ முணுமுணுத்தது மருமகள் காதில் விழுந்தது.

மானம் போயிற்று. மாமியார் கிழக்கே என்றால் அவள் மேற்கே. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

“அப்படின்னா கண்டிப்பா போட்டுக்கத்தான் போறேன் அத்தை” என்று விறுவிறுவென உள்ளே போய்க் கையை நீட்டினாள்.

“நல்ல காரியம் பண்ணீங்க” என்றாள் நர்ஸ். “பிறந்த குழந்தைக்கு நெஞ்சுல சளி இறங்கிட்டா மூச்சுக்குத் தவிச்சுப் போயிடும். இந்தத் தடுப்பூசிய இப்ப நீங்க போட்டுக்கிட்டா, உங்க ரத்தம் வழியா அதுக்கும் பாதுகாப்பு போயிடும். கொஞ்ச நேரம் சாஞ்சு உட்காருங்க.”

திரைக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி. உட்கார்ந்ததுமே கண் சொக்கியது. மருந்து ஒரு சின்ன விளக்கை ஏந்திக்கொண்டு, ரத்தத்தின் இருட்டுச் சந்துகளில் வழி விசாரித்தபடி பிள்ளையைத் தேடிப் போவதுபோல ஒரு கனவு. உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது.

தண்ணீருக்கு மேலே யாரோ பேசுவதுபோல் குரல்கள் கேட்டன. நாம் பேசுவது பிள்ளைக்கும் இப்படித்தான் கேட்குமோ?

“போட்டுக்கிட்டாளா?”

மாமியார்தான். அந்தக் குரலுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுசு.

“ஆச்சும்மா. போன வாரம் தனியா வந்து, எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அவளுக்குக் கட்டாயம் போடணும்னு சொன்னதே நீங்கதானே? இன்னிக்கு எதுக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?”

“போட்டுக்கோன்னு நான் சொல்லியிருந்தா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுத்திருக்க மாட்டா. சத்து மாத்திரை உடம்புக்குச் சூடு, வேண்டாம்னேன். ஒண்ணு விடாம முழுங்குறா மகராசி.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அடுத்து என்ன வேண்டாம்னு சொல்லப் போறீங்க?”

மருமகள் கண்ணைத் திறக்கவில்லை.

“பிள்ளை பிறந்ததும், என் மடியில மட்டும் போட்டுடாதேன்னு சொல்லணும்.”