பதினாறணா விளைச்சல்

வாருங்கள், இந்த அநீதியை நேரில் பாருங்கள்! ராயப்பேட்டை ரேஷன் கடையின் தராசுத் தட்டில் மாலை வெயில் மினுங்குகிறது. காய்ச்சலில் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி வைக்க வந்த ஹாஜிரா பீயின் பையில் வழக்கத்தில் பாதி அரிசியே விழுகிறது. “இன்னா நைனா, இவ்ளோதானா?” “இந்த வருசம் நெல்லு பதினாறணா, முழு வெளைச்சல்னு கணக்கெடுக்குற ஆபீசருங்க சர்க்காருக்கு எழுதிட்டாங்களாம் பீபி. அத்த நம்பி வெளியூர் அரிசிய வாங்காம உட்டுட்டாங்க,” என்கிறார் கடைக்காரர் கனகராஜ். “வயல்ல எறங்கிப் பாத்தாங்களா?” “எங்க? ரயில்ல போய்க்கினே பாத்தாங்களாம்.” “ரயிலு ஓட்டத்துல காஞ்ச பயிரும் பச்சையாத்தான் தெரியும், நைனா.” வரிசை சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை, பையின் தையலில் சிக்கிய மணிகளை விரலால் மெல்லத் தள்ளி அரிசியோடு சேர்க்கிறாள். தோழர்களே, வயலில் இறங்கி அறுத்து அளக்காமல் எழுதும் கணக்கு இனி இந்நாட்டில் செல்லாது என்று இன்றே உரக்கச் சொல்லுங்கள்!