நடுக்கட்டத்துச் சனி

"எனக்குப் போனது காலு. மூளை போகல. பைத்தியக்கார டாக்டர் முன்னால போய் நான் எதுக்கு உக்காரணும்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இசக்கிமுத்து சொன்னது அவ்வளவுதான். ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பரணிலிருந்த அண்டாவை எடுக்க ஏணியில் ஏறினார், அண்டாவோடு கீழே வந்தார். அண்டாவுக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை. அவருக்கு முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே இனி அசைவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. சக்கர நாற்காலி அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாசல் அறையில் கிடந்தது. மனுஷன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. கடைப் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் மனைவி சுந்தரவல்லி, ஆஸ்பத்திரியில் கவுன்சலராக இருந்த பரத்வாஜைத் தேடிப் போய்க் குறைப்பட்டுக்கொண்டாள். "ஒரே பிடிவாதம் தம்பி. நாலு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிருவாங்க?"

நீங்களும் வந்து பேசலாமே என்றான் பரத்வாஜ்.

"எனக்கென்ன தம்பி, நான் பைத்தியமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளே போன் செய்தாள். புதுச்சரக்கு மூட்டையைப் பிரிப்பதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிற மனிதர் அவர். கவுன்சலர் வந்தால்தானே விரட்டுவார், ஜோசியர் வந்தால் விரட்ட மாட்டாரே?

பரத்வாஜுக்கு மயிலாப்பூரில் வீடு. வயது இருபத்தாறு, எம்.ஏ. சைக்காலஜி. ஜோசியத்தில் அவனுக்குத் தெரிந்தது வாரப் பத்திரிகை ராசிபலன் மட்டும். பொய் சொல்லி வைத்தியம் செய்யக் கூடாது என்று மறுத்துப் பார்த்தான். எட்டு மாதமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டதும் மனசு இளகிவிட்டது. அப்பாவின் வேட்டியைக் கட்டி, விபூதியைப் பட்டையாகப் பூசிக்கொண்டு வந்து நின்றான்.

முதல் வியாழக்கிழமை தாளில் கட்டம் போட்டான். ஓரமாகப் பன்னிரண்டு சின்னக் கட்டம், நடுவில் ஒரு பெரிய கட்டம். நடுவில் ராசி என்று எழுதுவார்கள், எந்தக் கிரகமும் அங்கே குடியேறியதில்லை. அது பரத்வாஜுக்குத் தெரியாது. இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே என்று சனியைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தான்.

இசக்கிமுத்து தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "சொல்லும்வே" என்றார்.

"சனி நடுவுல இருக்கார். தூக்கத்தைக் கெடுப்பார். ராத்திரி நன்னாத் தூங்கறேளா?"

"ஜோசியர்தான்வே சொல்லணும். நீரு என்னையக் கேக்கீரு."

இப்படித்தான் ஆரம்பித்தது. பரிகாரமாக நாற்காலியைப் பிரித்து அதில் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னான். அடுத்த வாரம் வாசல்வரை போகச் சொன்னான். ராகுவுக்கு ஆகாது என்று சொல்லிப் படுத்துக்கொண்டே சாப்பிடுவதை நிறுத்தினான். குருவுக்குப் பிடிக்கும் என்று சொல்லி, இதே மாதிரி அடிபட்டு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை நடத்துகிற தனபாலனை வரவழைத்துப் பேச வைத்தான். விளக்குப் போடு, தேங்காய் உடை என்று ஒரு நாளும் சொல்லாத ஜோசியர் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இசக்கிமுத்து முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். மூன்றாம் மாதம் கடைவரைக்கும் போய் வந்தார். ரங்கநாதன் தெருக் கூட்டம் அவர் நாற்காலிக்கு மட்டும் வழிவிட்டதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பரத்வாஜ் கிளம்பும்போது சுந்தரவல்லி காபி கொடுத்து வாசல் அறையில் நிறுத்திக்கொள்வாள். அவர் காதில் விழட்டும் என்று தன் ஜாதகத்தையும் பார்க்கச் சொல்வாள். பேச்சு அரை மணி, முக்கால் மணி என்று நீளும். முந்தானை கண்ணுக்குப் போகும். வேஷத்துக்கு இவ்வளவு நடிப்பா என்று பரத்வாஜுக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் பொய் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வியாழக்கிழமை, அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டான். கோபத்தில் அவர் மறுபடி உள்ளறைக்குப் போய் முடங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

"சார், நான் ஜோசியர் இல்ல. ஆஸ்பத்திரி கவுன்சலர். உங்களை ஏமாத்திட்டேன்."

"தெரியும்வே. சனியை நடுக்கட்டத்துல வச்சீரே, அன்னைக்கே தெரியும்."

பரத்வாஜ் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தான். "அப்பறம் ஏன் சார் அத்தனை பரிகாரமும் பண்ணினேள்?"

"பண்ணாட்டா, ஜோசியம் பலிக்கலன்னு அவ உம்மை நிறுத்திருவாளே."

இசக்கிமுத்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் விழுந்ததுலேருந்து அவ அழுது நான் பாக்கல. சிரிச்ச மூஞ்சியாவே திரிஞ்சா. எனக்குப் பயமாப் போச்சு. டாக்டரைப் பாருளான்னு சொன்னா, நான் என்ன பைத்தியமான்னு கேப்பா. மொத வியாழக்கிழமை உம்மகிட்ட ஜாதகத்தைக் காட்டும்போதுதான் அழுதா. அன்னைக்கு ராத்திரிதான் அசந்து தூங்கினா."

டபராவில் டம்ளர் உரசுகிற சத்தம் நெருங்கி வந்தது.

இசக்கிமுத்து அவன் கையிலிருந்த தாளைத் தட்டினார்.

"எந்திரியும். போய் அவ ஜாதகத்தைப் பாரும். அவளுக்காவது சனியை ஒரு ஓரமா உக்கார வையும்."