கால் பெருவிரல்

மீன் ஏலம் கூறும் அந்தோணிப்பிச்சையின் குரல் கம்மியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை கம்மத்தானே செய்யும்? மனைவி பிலோமி மூன்று மாதம் மிளகும் பனங்கற்கண்டும் இடித்துக் கொடுத்தாள். ஏழு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சைத் திறந்து, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு துண்டை வெட்டிவிட்டுச் செயற்கைக் குழாய் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் விட்டு, அந்த இடம் பலூன்போல உப்பிக் குரல் நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொன்னபோது, பிலோமி கையிலிருந்த கற்கண்டுப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

வெடித்தால் நிமிடக் கணக்குதான் என்றார்கள். தொடை வழியாகப் புதுக் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, உப்பிய இடத்துக்குள் ரத்தம் போகாமல் அடைத்தார்கள். அப்படி அடைக்கும்போது முதுகுத் தண்டுக்கு ரத்தம் குறைந்தால் கால்கள் விளங்காமல் போகலாம். அதற்கும் சம்மதம் என்று பிலோமிதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இப்போது அவர் கண் விழித்திருந்தார்.

"ஐயா, கால் பெருவிரல ஆட்டுங்க," என்றாள் நர்ஸ்.

"ஆட்டிக்கிட்டுதானம்மா இருக்கேன்." குரல் வெறும் காற்றாக வந்தது.

நர்ஸ் பிலோமியைப் பார்த்தாள்.

"என்ன, சும்மா கெடக்கிய? நல்லா ஆட்டுங்க," என்றாள் பிலோமி.

"ஏட்டி, இதுக்கு மேல ஆட்டுனா கட்டிலே ஒடஞ்சிரும்."

போர்வையின் நுனி லேசாக அசைந்தது. கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. பிலோமி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் முழுவதும் நிற்கிறவரை அவள் கட்டில் பக்கம் திரும்பவில்லை.