ஆறு பரப்புக்குப் பத்துப் போத்தல்

"இந்த இயந்திரத்தில் உங்களுக்கு முழுத் திருப்தியா, ஓரளவு திருப்தியா, திருப்தியே இல்லையா?"

கனகரத்தினம் தாளைப் பார்த்து வாசித்தான்.

"ஓம்" என்றார் தம்பிஐயா.

"எது ஓம், ஐயா?"

"நீர் கேட்டதுக்கு ஓம்."

கனகரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் இறைக்கிற மிசின் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. பட்டணத்திலிருந்து கோப்பாய்க்கு இந்த வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருக்கிறான்.

தம்பிஐயாவின் மிசின் மண்ணெண்ணெயாய்க் குடிக்கிறது என்று அவர் மனைவி நாகேஸ்வரி கடைக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டாள். மெக்கானிக் இரண்டு தரம் வந்து கழற்றிப் பூட்டினான். ஒரு பிழையும் இல்லை.

"போய்க் கேட்டுக்கொண்டு வா. காரணம் தெரியாவிட்டால் நாளைக்கே லொறி அனுப்பி மிசினைத் தூக்கிவிடுவேன்" என்று சொல்லியிருந்தார் முதலாளி. தூக்கினால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். வெங்காயம் பருக்கிற நேரம். தண்ணீர் இல்லாமல் இரண்டு கிழமை தாங்காது.

கையில் இருந்த கேள்வித் தாள் கம்பனியின் கொழும்புக் கந்தோரில் அச்சடித்தது. அடுத்ததை வாசித்தான்.

"எண்ணெய் எவ்வளவு பிடிக்கிறது?"

"ஊத்துற அளவு பிடிக்கும்."

உள்ளேயிருந்து நாகேஸ்வரி வந்தாள்.

"நான் சொல்லுறன் எழுதுங்கோ தம்பி. முந்தி ஒரு இறைப்புக்கு நாலு போத்தல். இப்ப ஒரு மாதமாப் பத்துப் போத்தல்! சங்கக்கடை வரிசையிலை நிண்டு எடுக்கிற எண்ணெய் முழுக்க உந்த மிசின்ரை வயித்துக்குள்ளை. விளக்குக் கொளுத்த ஒரு சொட்டு இல்லை."

"நீ பேசாமலிரு. கேள்வி என்னட்டை."

"இந்த மனிசன் எந்தக் கேள்விக்குத் தம்பி நேரா மறுமொழி சொன்னது? பொம்பிளை பாக்க வந்த அண்டு, 'பொம்பிளை பிடிச்சிருக்கோ' எண்டு மாமா கேக்க, 'ஓம், வடை நல்லது' எண்ட ஆள்!"

கனகரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான்.

"மிசினை ஒழுங்காகத்தானே பாவிக்கிறீர்கள்?"

"ஓம்."

"நேரத்துக்கு நிற்பாட்டுகிறீர்கள்தானே?"

"ஓம்."

இந்தத் தாளை எழுதியவனைப் பிடித்து இரண்டு அறை விடலாம் போல இருந்தது. 'தானே' போட்டுக் கேட்டால் எவன் இல்லை என்பான்?

"உங்கள் தோட்டம் எத்தனை பரப்பு?"

"ஆறு."

இதற்காவது நேரான மறுமொழி வந்ததே!

"ஆறு பரப்புக்கு நாலு போத்தலே தாராளம் ஐயா. மிச்சம் எங்கை போகுது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உம்மை அனுப்பினது?"

"சரி. அப்ப நாளைக்கு லொறி வரும்."

தம்பிஐயா துள்ளி எழும்பினார். "மிசினைத் தூக்கினால் வெங்காயம் எல்லாம் செத்துப்போம்!"

"அப்ப காரணத்தைச் சொல்லுங்கோ."

"வாரும், மிசினடிக்குப் போவம்."

நாகேஸ்வரிக்கு முழங்கால் வருத்தம். தோட்டப் பக்கம் வருவதில்லை. இருவரும் போனார்கள். கிணற்றுக்கு இரண்டு பக்கமும் வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது.

"மற்றப் பக்கம் ஆரின்ரை தோட்டம், ஐயா?"

"பஞ்சலிங்கம் எண்டொரு கள்ளன்ரை. இது பங்குக் கிணறு. என்ரை முறையிலை தண்ணியைத் தன்ரை வாய்க்காலுக்குத் திருப்பினவன். பதினாலு வருசமாக் கதை பேச்சில்லை."

"அவரிட்டையும் ஒரு சொல்லுக் கேப்பமே?"

"ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான். ஒரு மாதமாகுது. பெண்சாதியும் அங்கைதான். கிடக்கட்டும். நான் எட்டியும் பாக்கேல்லை."

இப்படியும் ஒரு மனிசன்! கனகரத்தினம் வெறுத்துப்போய்த் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினான். தாள் போனதும் வாயில் வந்ததைக் கேட்டான்.

"கடைசியா எப்ப ஐயா இறைச்சனீங்கள்?"

"இண்டைக்குத்தான்."

"எத்தினை மணிக்குத் தொடங்கினீங்கள்?"

"விடிய ஐஞ்சுக்கு."

"எப்ப முடிஞ்சுது?"

"பன்னிரண்டாகும்."

"ஏழு மணித்தியாலம்! எத்தினை பரப்புக்கு இறைச்சனீங்கள்?"

தம்பிஐயா வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"பதினைஞ்சு" என்றார் மெல்ல.

"ஆறு எண்டெல்லோ சொன்னியள்!"

"என்ரை தோட்டம் எத்தினை பரப்பெண்டு கேட்டீர், ஆறு எண்டன். இறைக்கிறது எத்தினை பரப்பெண்டு இப்பதானே கேக்கிறீர்?"

கனகரத்தினம் கிணற்றுக்கு மற்றப் பக்கம் பார்த்தான். பஞ்சலிங்கத்தின் வாய்க்காலில் ஈரம் இன்னும் காயவில்லை.

"என்ன பாக்கிறீர்?" என்று சீறினார் தம்பிஐயா. "வெங்காயமோ தண்ணியைத் திருப்பினது? அதோடை எனக்கென்ன கோபம்? வீட்டிலை போய் மனிசியிட்டைச் சொல்லிப்போடாதையும். பிறகு எனக்குச் சோறு கிடையாது."

"பஞ்சலிங்கத்தாரை எப்ப ஆசுப்பத்திரியாலை விடுவினமாம்?"

"பத்து நாளிலை எண்டு நேர்சம்மா சொன்னவ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

கனகரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். "அப்ப லொறி வராது ஐயா. பத்து நாளிலை மிசின் தானாத் திருந்தும் எண்டு அம்மாவிட்டைச் சொல்லுறன்."

ஒழுங்கையில் நாலு உழக்கு உழக்கியிருக்கமாட்டான். பின்னாலிருந்து தம்பிஐயாவின் குரல் துரத்தி வந்தது.

"தம்பி! அவன் சுகமாகி வந்தாலும் நான் கதைக்கப் போறேல்லை. அதையும் உந்தத் தாளிலை எழுதும்!"